பெரும்பான்மை: இடுகுறிப் பெயரோ, காரணப் பெயரோ?

பெயர்ச்சொல்லை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாகப் பகுத்துக் காட்டுவது நம் இலக்கண மரபு. மண், மரம் என்பன யாதொரு காரணமும் பற்றாமல் முன்னோர் இட்டு வழங்கியவை. பறவை, நாற்காலி என்பன பறத்தலும் நான்கு கால் உடைமையும் பற்றி வந்தவை. இவ்வளவும் நம் மாணவர்களே ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அரசியல் உலகத்தில் மூன்றாவது வகையொன்றும் உண்டு. காரணம் உள்ளதுபோல் தோற்றம் காட்டி, அக்காரணம் இல்லாமலே நிற்கும் பெயர்கள் அவை. அவற்றுள் ஒன்றனை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில மாதங்களுக்கு முன், எம் பள்ளி ஆசிரியர் அறையில் ஓர் இளம் ஆசிரியர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, “ஐயா, அமெரிக்காவிலே பெரும்பாலோர் மதப் பிடிவாதக்காரர்கள்தாம் போலும், இல்லாவிட்டால் ஆளுங்கட்சிகள் இவர்களுக்கு இப்படி அஞ்சுமா?” என்று கேட்டார். அவர் வினா இயல்பானதே. அஞ்சப்படுகிறவன் எண்ணிக்கையில் மிக்கவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்போது நான் அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே எழுதலாம் எனத் தோன்றிற்று.

1979-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டில் ஓர் இயக்கம் தோன்றிற்று. வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில் பாப்டிஸ்டுச் சபையொன்றின் போதகராய் இருந்த ஜெர்ரி பால்வெல் என்பார் அதன் தலைவர். ‘மாரல் மெஜாரிட்டி’ என்பது அதன் பெயர். ‘அறநெறிப் பெரும்பான்மை’ என நாம் தமிழாக்கிக் கொள்ளலாம். பெயரைச் சூட்டியவர் பால்வெல் அல்லர். பால் வைரிக் என்னும் அரசியல் அமைப்பாளர். இவ்வைரிக் 1973-இல் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் என்னும் ஆய்வுக் கழகத்தை நிறுவியோருள் ஒருவர், சமயத்தால் கத்தோலிக்கர். பாப்டிஸ்டுப் போதகரின் இயக்கத்துக்குக் கத்தோலிக்கர் ஒருவர் பெயர் வைத்தார் என்பதே வியப்புக்குரியது. அதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னர் இவ்விருவகையாரும் ஒரே மேசையில் அமர்ந்து உணவு கொள்ளவும் தயங்கியிருப்பர். இப்போது அவர்களை ஒன்றுகூட்டியது சமயக் கோட்பாடு அன்று, தேர்தல் கணக்கு.

மேலே செல்லுமுன் ஒன்று கூறிவிடுதல் வேண்டும். பழமை பேணும் அரசியலை நான் இங்கே பழிக்கப் புகவில்லை. தலைமையாசிரியனாய் இருப்பவன் ஒருவகையில் பழமை பேணுபவனே. மணி அடித்தால் வரிசை, பெரியோர் வந்தால் எழுந்து நிற்றல், வாய்பாட்டை மனனம் செய்தல் என்று நாளெல்லாம் வற்புறுத்துகிறவனுக்குப் பழமையைப் பழிக்கும் தகுதி ஏது? வரியைக் குறை, அரசின் கையைச் சுருக்கு, நிலைபெற்ற வழக்கங்களை அவசரப்பட்டு மாற்றாதே என்பாருக்கு எந்த நாட்டிலும் இடமுண்டு. இறைநம்பிக்கையையும் நான் குறை கூறவில்லை. தம் நம்பிக்கையே நாட்டின் சட்டமாதல் வேண்டும் என்றும், அதனை மறுப்பவன் அறமற்றவன் என்றும் கருதும் ஒரு சிறு கூட்டம், பழமை பேணுவோர் கட்சிக்குள் புகுந்து அதன் கடிவாளத்தை எவ்வாறு பற்றிக்கொள்கிறது என்பதே இங்கே பொருள்.

பால்வெல்லின் வரலாற்றைப் பார்ப்போம். 1956-இல் லிஞ்ச்பர்க்கில் சபை தொடங்கிய அவர், நெடுங்காலம் அரசியலை விலக்கியே நின்றார். 1965 மார்ச்சு மாதத்தில், மார்ட்டின் லூதர் கிங்கும் அவரைச் சார்ந்த போதகர்களும் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அலபாமா மாநிலத்தில் நடைப்பயணம் மேற்கொண்டிருந்தபோது, பால்வெல் தம் சபையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். போதகருக்குரிய வேலை ஆன்மாக்களைக் கடைத்தேற்றுதலே அன்றி அரசியலில் தலையிடுதல் அன்று என்பது அதன் சாரம். பதினான்கே ஆண்டுகளில் அவரே ஓர் அரசியல் இயக்கத்தின் தலைவரானார்! மனம் மாறுதல் குற்றமாகாது. ஆனால் எதன் பொருட்டு மாறினார் என்று கேட்பது ஆராய்ச்சியாளர் கடமை.

பொதுவாகச் சொல்லப்படும் விடை, 1973-ஆம் ஆண்டின் தீர்ப்பு என்பது. அவ்வாண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமையென்று தீர்ப்பளித்தது. அதனால் உள்ளம் கொதித்த சமயத்தார் திரண்டெழுந்தனர் என்பர். கேட்க நன்றாய் இருக்கிறது. ஆனால் அத்தீர்ப்புக்கு ஈராண்டு முன்னரே, 1971-இல், பாப்டிஸ்டுகளின் மாபெரும் சபையான தென்னகப் பாப்டிஸ்டுப் பேரவை, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. தீர்ப்பு வந்த மறுநாளே கொதித்தெழுந்தவர் கத்தோலிக்கர்களே அன்றிப் பாப்டிஸ்டுகள் அல்லர்.

ராண்டல் பால்மர் என்னும் வரலாற்றாசிரியர் வேறொரு விடை கூறுகிறார். தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களை ஒதுக்கி வைத்த தனியார் சமயப் பள்ளிகளுக்கு இருந்த வரிவிலக்கை 1970-களில் அரசு பறிக்கத் தொடங்கிற்று. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-இல் வரிவிலக்கை இழந்தது. அவ்வழக்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் பல்கலைக்கழகத்துக்கு எதிராக முடிந்தது. பால்வெல் தாமும் 1967-இல் லிஞ்ச்பர்க்கில் ஒரு பள்ளி தொடங்கியவர். 1978-இல் அத்தகைய பள்ளிகள் அனைத்தின்மீதும் வரித்துறை புதுவிதி கொணர முனைந்தபோதுதான் போதகர்கள் விழித்துக்கொண்டனர், கருக்கலைப்பு பின்னர் வந்து சேர்ந்த கொடி என்கிறார் பால்மர்.

இவ்விளக்கம் வலிமையுடையது. எனினும் முழுதும் ஏற்கத் தக்கதென்று எனக்குத் தோன்றவில்லை. தலைவர்களைத் தட்டி எழுப்பியது வரிவிலக்காய் இருக்கலாம். ஆனால் ஞாயிறுதோறும் சபைக்கு வந்த உழவனும் கடைக்காரனும் வரிவிலக்கை எண்ணி உறக்கமிழந்தவர்கள் அல்லர். 1962, 1963-ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகள் அரசுப் பள்ளிகளில் வழிபாட்டையும் விவிலிய வாசிப்பையும் நீக்கின. தம் பிள்ளைகள் தமக்கு அயலாராய் வளர்கிறார்களோ என்னும் அச்சம் அம்மக்களுக்கு மெய்யாகவே இருந்தது. அவ்வச்சத்தைப் பரிவோடு கேட்டு விடை கூற வேண்டிய நடுநிலைத் தலைவர்கள் வாளா இருந்தனர். கேட்டவர் வைரிக். கேட்டுப் பரிவு காட்டியதோடு நில்லாமல், அதன் விலையையும் அவர் அறிந்திருந்தார்.

இப்போது பெயருக்கு வருவோம். 1980 ஆகஸ்டு மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் போதகர்கள் ஆயிரக்கணக்கில் கூடிய மாநாடு ஒன்று நடைபெற்றது. அதில் வைரிக் பேசினார். எல்லோரும் வாக்களிக்க வேண்டும் என்பது தம் விருப்பம் அன்று என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். தேர்தல்கள் மக்கள் பெரும்பான்மையால் வெல்லப்படுவன அல்ல. வாக்களிப்போர் தொகை குறையக் குறையத் தம் கூட்டத்தின் வலிமை ஏறும் என்றார். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது.

இதனை ஆசிரியர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். இயக்கத்துக்குப் ‘பெரும்பான்மை’ என்று பெயர் வைத்தவர், பதினான்கு மாதங்களில், பெரும்பான்மையோர் வீட்டிலேயே இருந்துவிட்டால் நமக்கு நன்று என்கிறார். பெயரும் பேச்சும் ஒருவர் வாயிலிருந்தே வந்தவை. தாம் பெரும்பான்மை என்று மெய்யாகவே நம்புகிறவன், வாக்குச்சாவடிக்கு அனைவரும் வரவேண்டும் என்றன்றோ விரும்புவான்? எனவே அப்பெயர் இடுகுறியும் அன்று, காரணப் பெயரும் அன்று. கேட்போரை அடக்குவதற்கென்று செய்துகொண்ட பெயர். எண்ணிக்கையில் தான் சிறியவன் என்று எதிர்ப்பவனை நம்பச் செய்துவிட்டால், அவன் வாக்குச்சாவடி வரை நடக்கவும் சோம்புவான் அல்லவா?

அதே மாநாட்டில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ரொனால்டு ரீகனும் பேசினார். நீங்கள் என்னை ஆதரித்துத் தீர்மானம் செய்ய இயலாது, ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்னும் பொருள்பட அவர் கூறியபோது அரங்கமே எழுந்து ஆரவாரித்தது. ரீகன் மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவர். திரைப்பட நடிகராய் இருந்தவர். அவரை எதிர்த்து நின்ற கார்ட்டரோ ஞாயிறு பள்ளியில் விவிலியம் கற்பித்த பாப்டிஸ்டு. போதகர்கள் கைதட்டியது ரீகனுக்கு! ஒழுக்கத்தை அளவுகோலாய்க் கொண்டிருந்தால் இது விளங்காது. அளவுகோல் வேறு என்று கொண்டால் விளங்கும்.

இச்சிறுபான்மை எவ்வாறு வலிமை பெறுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு. இது நானாக வைத்துக்கொள்ளும் எண்; புள்ளிவிவரம் அன்று. ஒரு தொகுதியில் நூறு வாக்காளர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் ஐம்பதின்மர் பழமை பேணும் கட்சியைச் சார்ந்தவர். அக்கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தொடக்கத் தேர்தலுக்கு அவ்வைம்பதின்மருள் பதினைவரே வருவர் எனின், எண்மர் ஒன்றுபட்டால் வேட்பாளர் அவர்களுடையவர். பொதுத் தேர்தலில் மற்ற நாற்பத்திருவரும் கட்சிப் பற்றினால் அவ்வேட்பாளருக்கே வாக்களிப்பர். எட்டுப் பேர் விருப்பம் ஐம்பது பேர் விருப்பமாகி, பின் நூறு பேருக்குச் சட்டமாகிறது.

இக்கணக்கைக் கற்க நான் அமெரிக்கா செல்ல வேண்டியிருக்கவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம் நடந்தது. குடும்பங்கள் எண்பதுக்கு மேல். வந்திருந்தோர் பதினேழு பேர். அவர்களுள் ஒன்பது பேர் ஒரு குழுவாய் வந்து, நூலகத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தொகையை வேறொன்றுக்கு மாற்றித் தீர்மானம் செய்துவிட்டுச் சென்றனர். மறுநாள் காலை ஒரு தாயார் பால்மரக் காட்டிலிருந்து நேரே வந்து, “எங்களைக் கேட்காமலே செஞ்சிட்டீங்களே ஐயா” என்று வருந்தினார். அழைப்புக் கடிதம் வந்ததா என்று கேட்டேன். “வந்துச்சு ஐயா. யாராவது போவாங்கன்னு இருந்துட்டோம்” என்றார். 

வைரிக்கின் கணக்கை நடைமுறையில் செம்மையாய்ச் செய்து காட்டியவர்கள் அடுத்த தலைமுறையினர். 1988 பிப்ரவரியில், அயோவா மாநிலத்துக் கட்சிக் கூட்டங்களில், தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன் இரண்டாம் இடம் பெற்றார். அப்போது துணை ஜனாதிபதியாய் இருந்த புஷ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். குளிர்கால இரவொன்றில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வந்து மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் ஊக்கம் யாருக்கு இருந்ததோ அவர்களே அங்கே எண்ணப்பட்டனர். ராபர்ட்சன் வேட்பாளர் ஆகவில்லை. ஆனால் திரட்டிய பெயர்ப் பட்டியல் கையிலிருந்தது. 1989-இல், அறநெறிப் பெரும்பான்மை கலைக்கப்பட்ட அதே ஆண்டில், அவர் கிறிஸ்துவக் கூட்டணி என்னும் அமைப்பைத் தொடங்கினார். அதை நடத்திய ரால்ப் ரீட் என்னும் இளைஞர், தாம் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இரவில் நடமாடும் மறைபோர் வீரர் என்றும், முடியும்வரை எதிரிக்குத் தம் வரவே தெரியாது என்றும் 1991-இல் ஒரு நாளிதழிடம் பெருமையாய்க் கூறினார். அவர்கள் முதலில் குறிவைத்தவற்றுள் பள்ளி வாரியங்களும் உண்டு. நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்க வருபவர்களுள் பெரும்பாலோர் பள்ளி வாரியத் தேர்தலுக்கு வருவதில்லை என்பதை அவர்கள் அறிவர்.

இங்கேதான் இப்பொருள் ஆசிரியர்களாகிய நம்மைத் தொடுகிறது. 2004 அக்டோபரில் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் என்னும் சிற்றூரின் பள்ளி வாரியம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஒரு தீர்மானம் செய்தது. உயிரினங்களின் தோற்றம் பற்றி டார்வின் கூறியது ஒரு கொள்கையே. அதில் இடைவெளிகள் உள்ளன. அறிவுடைய ஒருவரின் வடிவமைப்பு என்னும் வேறு விளக்கமும் உண்டு. அதுபற்றி அறிய விரும்புவோர் நூலகத்தில் உள்ள ‘பாண்டாக்களும் மக்களும்’ என்னும் நூலைக் காண்க என்பதாக ஓர் அறிக்கை ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்க்கு வாசிக்கப்படல் வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் விளைவு. எதிர்த்து வாக்களித்த மூவருள் இருவர் பதவி துறந்தனர். அறிவியல் ஆசிரியர்கள் அவ்வறிக்கையை வாசிக்க மறுத்துவிட்டனர். உண்மையன்று என்று தாம் அறிந்ததை மாணவர்முன் கூறுவது ஆசிரியர் நெறிக்கு மாறு என்று எழுத்து மூலம் தெரிவித்தனர். 2005 ஜனவரியில் நிர்வாக அலுவலர்கள் வகுப்புக்குள் வந்து அதை வாசித்தனர். ஆசிரியர்கள் வெளியே சென்று நின்றனர்.

பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் நிகழ்ந்த ஒன்று, ஏடு பார்த்துப் பதிப்பித்த நம் முன்னோர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். அந்நூலின் பழைய கைப்படிகள் நீதிமன்றத்துக்கு வரவழைக்கப்பட்டன. பார்பரா பாரஸ்ட் என்னும் தத்துவப் பேராசிரியை அவற்றை ஒப்புநோக்கிப் பாட பேதம் கண்டார். 1987-இல் உச்ச நீதிமன்றம் படைப்புக் கொள்கையை அரசுப் பள்ளிகளில் அறிவியலாகக் கற்பிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய படிகளில் ‘படைப்புக் கொள்கையர்’ என்றிருந்த இடங்களிலெல்லாம், பிந்திய படிகளில் ‘வடிவமைப்புக் கொள்கையர்’ என்றிருந்தது. பொருள் மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறிற்று. பழைய ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் கடைசி எழுத்துகளும் அழியாமல் நிற்க, நடுவில் புதிய சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘ஞாயிறு’ என்றிருந்ததைச் சுரண்டித் ‘திங்கள்’ என்று எழுதப் புகுந்தவன், முதலிலுள்ள ‘ஞா’வையும் இறுதியிலுள்ள ‘று’வையும் சுரண்ட மறந்தால் ‘ஞாதிங்கள்று’ என்று நிற்குமன்றோ, அதுபோல. எத்தனை வாதங்கள் செய்திருந்தாலும் அவ்வொரு பிழையைப் போல் உண்மையைப் பேசியிருக்க முடியாது. ‘பெரும்பான்மை’ என்று பெயர் சூட்டியதும் ‘வடிவமைப்பு’ என்று சொல் மாற்றியதும் ஒரே தொழில்.

தீர்ப்பு 2005 டிசம்பர் 20-ஆம் நாள் வெளிவந்தது. அதனை எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சியினர்; இளைய புஷ் 2002-இல் நியமித்தவர். பழமை பேணுவோருள் ஒருவரே, இது அறிவியல் அன்று, சமயம் என்று 139 பக்கங்களில் எழுதினார். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவரும் குடும்பத்தாரும் காவலர் பாதுகாப்பில் இருக்க நேர்ந்தது. இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தீர்ப்பு வருமுன்னரே, நவம்பர் 8-ஆம் நாள் நடந்த தேர்தலில், போட்டிக்கு நின்ற பழைய வாரிய உறுப்பினர் எண்மரும் தோற்றனர். ஊரார் விழித்துக்கொண்டு வந்து வாக்களித்தனர், அவ்வளவே. பின்னர் வழக்குச் செலவாக அப்பள்ளி மாவட்டம் பத்து லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுக்க நேர்ந்தது.

இவர்களை உள்ளே விட்டவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதற்குப் பேரி கோல்டுவாட்டரின் கதையே விடை. அரிசோனா மாநிலத்துச் செனட்டரான இவர், 1964-இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். புதிய பழமை இயக்கத்தின் தந்தை என்றே இவரைக் கூறுவர். அவ்வாண்டு ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய கட்சி மாநாட்டில், தீவிரவாதக் கூட்டங்களைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்றை நடுநிலையாளர் கொணர்ந்தனர். அதனை ஆதரித்துப் பேசிய நியூயார்க் ஆளுநர் ராக்பெல்லரைப் பேசவிடாமல் கூச்சலிட்டனர்; தீர்மானம் தோற்றது. அதன்பின் ஏற்புரை நிகழ்த்திய கோல்டுவாட்டர், உரிமையைக் காக்கும் பொருட்டுக் கொள்ளும் தீவிரம் குற்றம் ஆகாது என்று முழங்கினார்.

வாக்கியத்தை இலக்கண முறையில் பகுத்துப் பாருங்கள். ‘உரிமையைக் காக்கும் பொருட்டு’ என்பது அடை. அவர் உள்ளத்தில் அவ்வடையே முதன்மை. அரங்கில் ஆரவாரித்தவர்களோ அடையைக் கழித்துவிட்டுத் ‘தீவிரம் குற்றம் ஆகாது’ என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். எழுவாயும் பயனிலையும் அவர்களிடம் தங்கிவிட்டன. அடை மட்டும் அவரிடம் நின்றது. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் ஐம்பது மாநிலங்களுள் ஆறே மாநிலங்களில் வென்றார். ஆனால் அவ்வாக்கியம் தோற்கவில்லை.

1981-இல் ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாகச் சாண்ட்ரா டே ஓகானரைத் தெரிந்தெடுத்தார். நல்ல கிறிஸ்துவர் அனைவரும் இதுபற்றிக் கவலை கொள்ள வேண்டும் என்றார் பால்வெல். ஓகானர் அரிசோனாக்காரர், கோல்டுவாட்டருக்கு நன்கு அறிமுகமானவர். நல்ல கிறிஸ்துவர் ஒவ்வொருவரும் பால்வெல்லுக்குச் செய்ய வேண்டியது யாது என்று கோல்டுவாட்டர் கூறிய மறுமொழியைத் தலைமையாசிரியன் அச்சில் எழுதக் கூசுகிறான். காலால் செய்யும் செயல் அது என்பதோடு விடுகிறேன். செனட் சபை 99-க்கு 0 என ஓகானரை ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் கோல்டுவாட்டர் அச்சபையில் பேசும்போது, ஒழுக்கமுள்ளவனாய் இருக்க நான் இன்னின்னவற்றை நம்ப வேண்டும் என்று நாடெங்குமுள்ள போதகர்கள் எனக்குக் கட்டளையிடுவது சலித்துப்போயிற்று என்று சினந்தார். 1992-இல் தம் சொந்த மாநிலத்திலேயே, சமயத் தீவிரர்க்கு நெருங்கிய தம் கட்சி வேட்பாளரை விட்டு, ஜனநாயகக் கட்சியின் பெண் வேட்பாளரை ஆதரித்தார். 1998-இல் மறையும் வரையில் அவர் சினம் தணியவில்லை.

கோல்டுவாட்டரின் துணிவைப் போற்றாதார் இலர். நானும் போற்றுகிறேன். ஆனால் திறனாய்வு அத்துடன் நின்றுவிடலாகாது. 1964-இல் ராக்பெல்லர் கூச்சலுக்கிடையே நின்றபோது கோல்டுவாட்டர் என்ன செய்தார்? 1981-இல் சொன்னதில் கால் பங்கை அன்று சொல்லியிருந்தால் போதுமே. தம்மை வேட்பாளராக்கிய கூட்டத்தின் சினத்தைச் சம்பாதிக்க அன்று அவர் விரும்பவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களிடமும் இதுவே கதை. 2000 பிப்ரவரியில் ஜான் மெக்கெயின், பால்வெல்லையும் ராபர்ட்சனையும் சகிப்பின்மையின் முகவர்கள் என்று வர்ஜீனியாவிலேயே சென்று பேசினார். மறுநாள் அம்மாநிலத் தொடக்கத் தேர்தலில் தோற்றார். 2006 மே மாதத்தில், மீண்டும் வேட்பாளராகும் எண்ணத்துடன், பால்வெல் நிறுவிய லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் அவரே சிறப்புரை ஆற்றினார். சிறையில் ஐந்தாண்டுக்கு மேல் வியட்நாமியர் வதைத்தும் வளையாத மனிதர் அவர்! தொடக்கத் தேர்தல் வளைத்துவிட்டது.

இங்கே ஒரு தடை எழும். சிறுபான்மை ஒன்றுபட்டு உழைத்து வெல்வது குடியாட்சியில் குற்றமா? கிங்கின் இயக்கமும் சபைகளில் தோன்றியதுதானே? அவரும் போதகர்தானே? சிறுபான்மைக்காக நின்றவர்தானே? மெய்யாகவே நல்ல வினா. ஒன்றுபடுதலும் உழைத்தலும் குற்றமல்ல. வர வேண்டியவர் வாராதிருக்க, வந்தவரைக் குறை கூறுவது அழகுமன்று. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. கிங் தம் கூட்டத்தைச் சிறுபான்மை என்றே அழைத்தார். பட்டப்பகலில் நெடுஞ்சாலையில் நடந்தார். அவர் கேட்டது மேலும் பலர் வாக்களிக்க வேண்டும் என்பது. 1965 ஆகஸ்டில் நிறைவேறிய வாக்குரிமைச் சட்டம் அதன் பயன். மற்றவரோ தம்மைப் பெரும்பான்மை என்றனர். இரவில் நடமாடுவதாகப் பெருமை பேசினர். வாக்களிப்போர் குறைந்தால் நன்று என்றனர். ஓர் இயக்கத்தை அளக்க அதன் சமயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வாயிலைத் திறக்கச் சொல்கிறதா, அடைக்கச் சொல்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொரு தடையும் உண்டு. அது இதனினும் கடினமானது. 2016-இல் வெள்ளை இனத்துச் சுவிசேஷச் சபையார் பத்தில் எண்மர் டிரம்புக்கு வாக்களித்தனர் என்று வாக்குச்சாவடிக் கணிப்புகள் கூறின. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே நீக்கிவிட்டது. இன்னமும் இவர்களைச் சிறு கூட்டம் என்பது பொருந்துமா? கட்சிக்குள் இனிப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். விருந்தினராய் வந்தோர் வீட்டுக்காரர் ஆகிவிட்டனர். நாட்டுக்குள் பொருந்துமா என்பதற்கு, நெடுங்காலமாகக் குடியரசுக் கட்சியின் கோட்டையாய் விளங்கும் கான்சஸ் மாநிலம் ஒரு விடை தந்தது. அத்தீர்ப்பு நீங்கிய ஆறு வாரத்துக்குள், 2022 ஆகஸ்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்கலாமா என்று மக்களைக் கேட்டனர். கூட்டம் குறைவாய் வரும் தொடக்கத் தேர்தல் நாளையே அதற்குக் குறித்திருந்தனர். கூட்டம் குறையவில்லை. நூற்றுக்கு 59 பேர் நீக்கலாகாது என்றனர்.

அதே கான்சஸில்தான், பத்து இடங்கள் கொண்ட கல்வி வாரியத்தின் பெரும்பான்மை இப்படிப்பட்ட ஆகஸ்டுத் தேர்தல்களில் மாறி மாறிக் கைமாறிற்று. 2001-இல் பரிணாமக் கொள்கையைப் பாடத் தரத்தில் மீண்டும் சேர்த்தனர். 2005-இல் அதன்மேல் ஐயம் எழுப்பும் வகையில் திருத்தினர். 2007-இல் திருத்தத்தை நீக்கினர். எட்டாண்டுக்குள் அம்மாநில ஆசிரியர்கள் நான்கு பாடத் தரங்களைக் கண்டனர். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாற்றம் நிகழ்ந்த ஆண்டு 1999. அவ்வாண்டு பிப்ரவரியில், கிளிண்டனைப் பதவி நீக்க முயன்று செனட் சபையில் தோற்றபின், பால் வைரிக் தம் தோழர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். அறநெறிப் பெரும்பான்மை என ஒன்று இந்நாட்டில் இருப்பதாகத் தாம் இனி நம்பவில்லை என்றும், அரசியலால் பண்பாட்டை மாற்ற முடியாது, ஒதுங்கித் தனி நிறுவனங்கள் அமைத்துக்கொள்வோம் என்றும் அதில் கூறினார். பெயர் வைத்தவரே பெயரைத் திரும்பப் பெற்றார். அக்கடிதம் வெளிவந்த ஆறாம் மாதம், ஆகஸ்டு 11-ஆம் நாள், கான்சஸ் கல்வி வாரியம் கூடிற்று. பாடத் தரத்திலிருந்து பரிணாமக் கொள்கையின் பெரும்பகுதியை நீக்குவது என்று, ஆறுக்கு நான்கு என்ற கணக்கில், தீர்மானம் நிறைவேறியது.